தபசுகாலத்து முட்டை

ஆஸ்பத்திரியால் வந்தவளிடம் எல்லோரும் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். மாங்குளம் ஸ்ரேசன் குவாட்டஸில் எங்களோடு குடியிருக்கும் பெண்கள் ஒருத்தர் மிச்சமில்லாமல் வந்து, என் கட்டில் ஓரத்தில் இருந்து கேட்டுவிட்டார்கள். என்ன தந்தார்கள், உப்புப் புளி இருந்ததா, பாண் பழசா புதிசா என்று. நன்றாகத்தான் தந்தார்கள் என்பேன். அதற்கு மேல் வாய் வராது. ஆறு கிழமைக்கு மேல் கிடந்து வந்தவள் சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல மாட்டாளாம், பெரிய இடத்துக் கிடப்புப் போல என்று ஒருத்தி வெளியே போய்ச் சொன்னதும் என் காதில் விழுந்தது. வாயால் சொன்னால் இடையில் அழுதுவிடுவேன். எழுதினால் மூக்கைச் சிந்திவிட்டுத் தொடரலாம் என்பதால் எழுதுகிறேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. வவுனியாப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பிழையால் அங்கே ஒருத்தியின் பெயர் கெட்டது. ஆஸ்பத்திரியின் பெயரையும் நான் கெடுக்க வேண்டியதில்லை.

வருத்தம் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதாமாதம் மூன்று நான்கு நாளில் நிற்க வேண்டியது எட்டு, பத்து நாள் என்று ஓடியது. பிறகு நிற்பதும் தொடங்குவதும் எப்போது என்றே தெரியாமல் போயிற்று. நான் யாருக்கும் சொல்லவில்லை. இவருக்குச் சொன்னால், றெயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற மனுசன், என்ன செய்வார் பாவம், கடைசியில் கொட்டில் கடையில் சோடா வாங்கித் தருவார். பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சொன்னால் அடுத்த றெயில் ஏறி யாழ்ப்பாணம் மட்டும் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு, கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். முகம் வெளிறிப்போயிற்று. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. பச்சை அரிசியைக் கண்டால் அள்ளி வாயில் போட்டு மெல்ல வேண்டும் போல் ஒரு ஆசை. அது இரத்தம் குறைந்தவர்களுக்கு வருகிற ஆசை என்று பின்னால் டொக்டர் சொன்னார். நான் அதைக் கர்ப்பம் என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்பதைவிட, நினைக்க ஆசைப்பட்டேன் என்று எழுதுவதுதான் உண்மை. எங்களுக்கு ஒரே பிள்ளை, மெற்றில்டா, ஒன்பது வயது. அவளுக்குப் பிறகு இரண்டு வயிற்றில் வந்து, இரண்டும் தங்காமல் போயின. எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். ஒரு பெடியன் வேண்டும். இந்த ஆசையை நான் இவருக்குக்கூடச் சொல்லவில்லை. ஆண்டவருக்கு மட்டும் நாள் தவறாமல் சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தபசுகாலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முதல்நாள் பின்னேரம் மூன்று பேரும் திருஇருதயப் படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று, இந்தத் தபசுகாலத்தில் ஆண்டவருக்கு எதை ஒப்புக்கொடுக்கிறோம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவர் வருடாவருடம் சுருட்டு என்பார். மூன்றாம் நாள் வீட்டுக் கோடிப்புறத்தில் புகை வரும். மெற்றில்டா சீனி என்றாள், தேத்தண்ணிக்குச் சீனி இல்லாமல் நாற்பது நாள் குடிப்பதற்கு அந்தப் பிள்ளை முகத்தை எப்படிச் சுளித்தது என்று எனக்குத் தெரியும். நான் எப்போதும் கடைசியாகச் சொல்லுவேன். எல்லோரையும்விடப் பெரியதாகச் சொல்லுவேன். இறைச்சி, மீன், முட்டை, பால், நான்கும் நாற்பது நாளும் தொடமாட்டேன் என்றும், ஒருசந்தி பிடித்து மத்தியானம் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவேன் என்றும் சொன்னேன். திருச்சபை இவ்வளவு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விட்டாலே போதும். எனக்கு அது போதாது. மாங்குளத்தில் திரேசம்மாவைப் போல் தபசு பிடிக்கிறவள் இல்லை என்று கோயிலில் நாலு பேர் கதைப்பதும் எனக்குக் கேட்க வேண்டும்.

வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இருந்தது. நான் இதை ஒரு குறையும் விடாமல் பிடிப்பேன், நீர் இரத்தத்தை நிறுத்தி எனக்கொரு பிள்ளை தரவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கடைசிச் செபத்தில் இருதயத்தை ஒப்புக்கொடுக்கிறேன் என்று வாய் சொன்னது. மனம் பேரம் பேசியது.

தபசுகாலம் தொடங்கி ஐந்தாம் நாள் கிணற்றடியில் விழுந்துவிட்டேன். வாளிக் கயிறு கையில் இருந்தது தெரியும், பிறகு இவருடைய முகம் மேலே தெரிந்தது. இவர் என் சீலையைப் பார்த்துவிட்டார். அந்த மனுசன் அன்று என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயம் தந்தது. கொழும்புக்குப் போகும் வண்டியில் கார்ட் பெட்டிக்குள் பாய் விரித்து என்னைக் கிடத்தினார்கள். புளியங்குளத்தில் வண்டி நின்றபோது அங்கே வேலை செய்கிற இவருடைய சிநேகிதர் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதைக்கூட நான் ஒருசந்தி என்று தள்ளினேன். இவர் என் தலையை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையால் வாயில் ஊற்றினார்.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலில் குத்தினார்கள். ஒரு சொட்டு இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, மருந்தோடு கலந்து, பக்கத்தில் இருக்கிற இன்னொரு குழாயின் நிறத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். நல்ல சுகதேகிக்கு நூறு என்றால் உனக்கு இவ்வளவு என்று சொல்லுவார்கள். எனக்கு முப்பத்தெட்டு. பெரிய மிஸி, வாட்டுக்குப் பொறுப்பான நேர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, எப்படி நடந்து வந்தனீர் என்று கேட்டா. நடந்து வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்றேன். வருத்தத்திலும் வாய் குறையவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள், வயதில் என்னைவிட இளையவர். வயிற்றை அமத்திப் பார்த்தார். கர்ப்பப்பையின் சுவரில் கட்டி இருக்கிறது, ஒரு தேசிக்காயளவில் ஒன்று, அதைவிடப் பெரிதாய் ஒன்று என்றார். புற்றுநோய் இல்லை, ஆனால் அது இருக்குமட்டும் இரத்தம் போய்க்கொண்டே இருக்கும். சத்திரசிகிச்சை செய்து கர்ப்பப்பையோடு எடுக்க வேண்டும். கதை அதோடு முடியவில்லை. முப்பத்தெட்டு இரத்தத்தோடு கத்தி வைத்தால் மேசையிலேயே போய்விடுவீர், அறுபதாவது வரவேண்டும் என்றார். அதற்கிடையில் இன்னொருமுறை அன்று போலப் பாய்ந்தால் காப்பாற்றுவேன் என்று சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். பூசி மெழுகாமல் சொன்னதற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்லுகிறேன். அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

இரத்தத்தைக் கட்ட மாத்திரை, இரும்புச் சத்து ஊசி, அது போட்ட இடம் கறுத்துக் கிடக்கும். இவற்றோடு கட்டில் தலைமாட்டில் தொங்குகிற டிக்கற்றில் சாப்பாடும் எழுதினார். காலையில் ஒரு முட்டை, மத்தியானம் ஒரு முட்டை, இரண்டு வேளை பால், ஈரல் சூப். நான் படுத்திருந்தபடி அதை வாசித்தேன். தபசுகாலத்தில் எதையெல்லாம் விடுகிறேன் என்று சொன்னேனோ, அதையெல்லாம் வரிசையாக எழுதித் தொங்கவிட்டிருந்தது. பசாசு சோதிக்கிறது என்று முடிவெடுத்தேன். டொக்டரைத்தான் பசாசு என்று நினைத்தேன், மன்னிக்க வேண்டும்.

எனக்கு அடுத்த கட்டிலில் கதீசா உம்மா இருந்தா. முல்லைத்தீவுப் பக்கம், புருசனுக்குப் புடவைக் கடை. சலரோகம், காலில் ஆறாத புண். எங்களுக்குத் தபசுகாலம் தொடங்கியதற்கு அடுத்த நாளே அவவுக்கு நோன்பு மாதமும் தொடங்கியிருந்தது. ஆனால் உம்மா நோன்பு பிடிக்கவில்லை. காலையில் ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. தலையை முக்காட்டால் மூடி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, பாணை விழுங்குவா. சில நாள் விழுங்கும்போது கண்ணீர் வடியும். எனக்கு அதைப் பார்க்க ஒரு பக்கம் பாவமாகவும் மறுபக்கம், உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது. உம்மா விட்டுவிட்டா, நான் விடவில்லை என்ற பெருமை.

நான் எப்படி விடாமல் இருந்தேன் என்று சொல்லுகிறேன். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவருகிறவள் செல்லம்மா. இது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. பெண்கள் வாட்டில் பன்னிரண்டு வருடமாக அற்றண்டன் வேலை, புருசன் இல்லை, மூன்று பிள்ளைகள். தட்டை வைத்துவிட்டு, தின்னுங்கோ தங்கச்சி என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். நான் முட்டையைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைக்குள் வைப்பேன். பாலைப் பித்தளைச் செம்பில் ஊற்றி மூடிவிடுவேன். பிறகு முகம் கழுவப் போவதுபோல மெல்ல மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போவேன். காட்டுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருத்தக்காரரைக் கொண்டுவந்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் நாள்கணக்காகக் காத்துக்கிடக்கிற சனம் அங்கே எப்போதும் இருக்கும். அவர்களில் யாருக்காவது கொடுத்துவிட்டுத் திரும்புவேன். ஒருசந்தியும் ஆயிற்று, தருமமும் ஆயிற்று. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் விழுத்துகிற கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டு வந்து படுப்பேன். சோறும் மரக்கறியும் மத்தியானம் மட்டும் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை விரலில் குத்தினார்கள். முப்பத்தைந்து. டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். இரத்தம் ஏற்ற வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இவருடைய இரத்தம் எனக்குச் சேர்ந்தது. ஊசி என்றால் முகத்தை மறுபக்கம் திருப்புகிற மனுசன், மறுவார்த்தை பேசாமல் கையை நீட்டி ஒரு போத்தல் கொடுத்துவிட்டு, எழும்பும்போது மயங்கி விழுந்து நெற்றியில் ஒரு புடைப்போடு என் கட்டிலுக்கு வந்தார். இனி நீ எனக்குச் சொந்தக்காரி என்று பகிடி விட்டார். மெற்றில்டா அப்பாவின் புடைப்பைத் தடவிக்கொண்டே, தான் இன்னும் சீனி போடவில்லை என்று எனக்குச் சொன்னாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரியாது. இவருடைய இரத்தம் சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோதும் என் சட்டைக்குள் முட்டை இருந்தது.

அதற்கடுத்த கிழமை நாற்பதைத் தாண்டும் என்று டொக்டர் எதிர்பார்த்தார். முப்பத்தாறில் நின்றது. அவர் டிக்கற்றைக் கழற்றி வாசித்தார், திரும்ப வாசித்தார். இவ்வளவும் சாப்பிடுகிற ஆளுக்கு இது நடக்காது என்று பெரிய மிஸியிடம் சொன்னார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்கும் அன்று பயம் பிடித்தது. ஆண்டவர் என் பக்கம் ஏன் திரும்பவில்லை என்ற பயம். இன்னும் என்ன விடலாம், சோற்றையும் விடுவோமா என்றுதான் யோசித்தேன். அப்படி ஒரு மூளை.

மறுநாள் காலை அது வெளியே வந்தது. ஆனால் என் தலையில் விழவில்லை. விறாந்தையில் இருந்த ஒரு மனிதன் அவித்த முட்டை உரித்துத் தின்பதைப் பெரிய மிஸி கண்டுவிட்டா. எங்கே வாங்கினாய் என்று கேட்க, வாட்டுக்குள் இருந்து ஒரு அம்மா கொண்டுவந்து தருகிறவ, பாலும் தருகிறவ என்று அந்த மனிதன் வெள்ளையாகச் சொல்லிவிட்டான். வாட்டுக்குள் இருந்து வெளியே நடமாடுகிற பொம்பிளை யார்? தட்டு யாருடைய கையில்? பெரிய மிஸிக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. செல்லம்மாவை வாட்டு நடுவில் நிறுத்தி, வருத்தக்காரரின் சாப்பாட்டைக் களவெடுத்து வெளியே விற்கிறாய், அந்தக் கட்டில்காரி சாகக் கிடக்கிறாள், டொக்டர் வந்ததும் உன்னை அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னா. கத்தவில்லை. இருபது கட்டிலுக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னா.

செல்லம்மா முதலில் விளங்காமல் நின்றாள். பிறகு, "பன்னிரண்டு வருசம் மிஸி, ஒரு பாண் துண்டு தொட்டிருப்பனோ" என்று கேட்டாள். சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கதவடிக்குப் போய் நிலத்தில் குந்திவிட்டாள்.

நான் உடனே எழும்பிச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் சொல்லவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். சொன்னால் தபசு முறிந்துவிடும், வாயைத் திறந்து ஊட்டிவிடுவார்கள், இரத்தம் ஏறும், கத்தி வைப்பார்கள், பிள்ளை இல்லாமல் போய்விடும் என்று மனம் ஓடியது. டொக்டர் விசாரிப்பார், உண்மை தானாக வரும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். இரண்டு மணித்தியாலம் அப்படிக் கிடந்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இரண்டு மணித்தியாலம் அதுதான்.

உம்மாதான் கட்டிலில் எழும்பி இருந்து, புண் காலைத் தூக்கி என் பக்கம் திருப்பி வைத்தா.

"புள்ள, நீ சட்டைக்குள்ள வச்சுக்கொண்டு போறதை நான் முதல்நாளே கண்டனான். உன்ர மார்க்க விசயம் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்."

உம்மா குரலைத் தாழ்த்திக் கதைத்தா. வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்லை என்று படைச்சவனே விட்டுத் தந்திருக்கிறான், சுகம் வந்த பிறகு விட்ட நாள்களைப் பிடித்துக் கொடுக்கலாம், அவன் தருகிற சலுகையை வேண்டாம் என்று தள்ள நான் யார் என்று நினைத்துத்தான் அழுதழுது தின்கிறேன் என்றா. இந்தப் பெண்ணையா நான் இவ்வளவு நாளும் கீழாக நினைத்தேன் என்று எனக்கு முகம் சுட்டது. பிறகு உம்மா கதவடியைக் காட்டினா.

"அவளுக்கு வேலை போனால் அவள்ர மூண்டு பிள்ளையளும் பட்டினி. உன்ர நோன்பை அதுகள் பிடிக்கவேணுமோ, புள்ள?"

அதற்கு மேல் படுத்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பெரிய மிஸியின் மேசைக்குப் போனேன். டொக்டரும் அப்போதுதான் வந்திருந்தார். முட்டையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், பாலையும் நான்தான் கொடுத்தேன், செல்லம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். தபசுகாலம் என்றேன். வாட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. உம்முடைய புருசன் விழுந்தெழும்பித் தந்த இரத்தத்தை நீர் விறாந்தையில் ஊற்றிவிட்டீர் என்று மட்டும் சொன்னார். அவரைப் பசாசு என்று நினைத்ததற்கு அந்த இடத்திலேயே என்னை நான் நொந்துகொண்டேன்.

பெரிய மிஸி செல்லம்மாவைக் கூப்பிட்டு, பிழை தன்னுடையது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னா. பெரிய மனதுதான். நான் செல்லம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை மெல்ல எடுத்துக்கொண்டு, தட்டுகள் கிடக்கு என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் சாப்பிட்டு முடிக்குமட்டும் கட்டிலடியில் நின்று பார்த்து, ஒரு தாளில் புள்ளடி போட வேண்டும் என்று அவளுக்குக் கட்டளை. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று யன்னலைப் பார்ப்பாள். என்னோடு கதைக்கமாட்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமை வருத்தக்காரருக்கு நற்கருணை கொண்டுவந்த சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். புதிதாகப் பட்டம் பெற்ற இளம் சுவாமியார், என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். முட்டைக் கதையை முதலில் சொன்னேன். பேரம் பேசியதைக் கடைசியாக, நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஆண்டவர் உங்களிட்ட முட்டையைக் கேக்கேல்லை அம்மா. இருதயத்தைக் கேட்டவர். அதை நீங்கள் இன்னும் குடுக்கேல்லை" என்றார்.

இந்தச் சின்னப் பெடியன் எனக்குச் சொல்ல வந்துவிட்டான் என்று ஒரு கோபம் வந்தது, மறைப்பானேன். அபராதமாக ஏதாவது நீண்ட செபம் தருவார் என்று பார்த்தேன். டிக்கற்றில் எழுதியிருக்கிற எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சாப்பிட வேண்டும், அதுதான் அபராதம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முப்பத்துநாலு வயதில் நான் செய்த அபராதங்களில் ஆகக் கஷ்டமானது அது.

சாப்பிட்டேன். ஈரல் சூப்பு குமட்டிற்று, குடித்தேன். நாற்பத்துநாலு. பிறகு ஐம்பத்திரண்டு. நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்குப் போக உம்மாவுக்குத் துண்டு வெட்டினார்கள். போகும்போது என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, ஒழுங்காய்த் தின் என்றா. பரிசுத்த வாரத்தில் புதன்கிழமை குத்திப் பார்த்தார்கள், அறுபத்தொன்று. உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை என்று டொக்டர் நாள் குறித்தார். எனக்குச் சந்தோசப்படத் தெரியவில்லை. அந்த எண் ஏற ஏற என் பிள்ளை தூரப்போகிறான் என்றுதான் இருந்தது. பிறக்காத பிள்ளைக்கு ஒரு பெயரும் வைத்திருந்தேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

சத்திரசிகிச்சையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மூக்கில் ஒரு மூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள், ஏழு வரை எண்ணியது ஞாபகம். விழித்தபோது வயிறு முழுக்க நெருப்பு. மூன்று நாள் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு உதட்டில் தடவினார்கள். எடுத்த கட்டியை இவருக்குக் காட்டினார்களாம், எனக்குக் காட்டவேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். இப்போது தையல் ஆறிவிட்டது. கிணற்றில் தண்ணீர் அள்ள இன்னும் விடுகிறார்களில்லை, மெற்றில்டா அள்ளுகிறாள். மெற்றில்டாவுக்கு இனித் தம்பி இல்லை. அதை நினைத்து நான் அழுகிற நாளும் உண்டு, அழாத நாளும் உண்டு.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கு முந்திய பெரிய வெள்ளியைச் சொல்லாவிட்டால் நான் ஒன்றும் சொன்னதாகாது.

அன்று என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. இவரும் பிள்ளையும் கோயிலில் சிலுவைப்பாதையில் நிற்பார்கள். ஊரில் இருந்திருந்தால் நான் அன்று பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டேன். மத்தியானம் செல்லம்மா தட்டோடு வந்தாள். பாலும் ஒரு முட்டையும். மூன்று கிழமையாகத் தின்றவள்தான் நான். ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற நேரத்தில் நான் முட்டை தின்பதா என்று அன்று மட்டும் கை போகவில்லை. அறுபத்தொன்று வந்துவிட்டதுதானே, இந்த ஒரு முட்டையை விட்டால் என்ன, நீ புள்ளடியைப் போட்டுவிடு செல்லம்மா என்று கெஞ்சினேன். கெஞ்சிய பிறகுதான், அவளை இன்னொருமுறை பொய்க்காரி ஆக்கப் பார்க்கிறேன் என்று உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் அன்று தலை முழுகி, திருநீறு பூசியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விரதம், மீன், முட்டை என்று மச்சம் ஒன்றும் தொடமாட்டாள். முந்திய வெள்ளிகளில் முட்டைக் கோப்பையைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எட்டி நின்றதைக் கண்டிருக்கிறேன். அன்று அவள் தாளைக் கட்டிலில் வைத்தாள். என் பக்கத்தில் வந்து இருந்தாள். அதுவரை அவள் அந்தக் கட்டிலில் இருந்ததில்லை. முட்டையைக் கையில் எடுத்து, கட்டில் இரும்பில் தட்டி, கோதை ஒவ்வொரு துண்டாக உரித்தாள். உரித்ததைப் பிய்த்து என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"உங்கட சாமி கேட்டால், செல்லம்மா எண்ட அற்றண்டன்காரி பிடிச்சுத் தீத்தினவள் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. என்ர பேரில போடட்டும். நான் ஏற்கெனவே பேர் கெட்டவள்தானே" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. சிரிக்கவுமில்லை. உண்மையாகவே என் பாவத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளத் தயாராக, விரதக் கையில் முட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது. கண்ணை மூடினேன். என் இருதயத்தை எடுத்துக்கொள்ளும், இந்த வயிற்றையும் எடுத்துக்கொள்ளும், இனி நான் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று ஆண்டவருக்குச் சொன்னேன். பெயர் வைத்த பிள்ளையையும் அவரிடமே விட்டேன். பிறகு வாயைத் திறந்தேன்.